பழைய கணினியும் தன்னார்வலரின் நேரமும்: தொண்டு நிறுவனங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டில் இயங்கும் சிறு அறக்கட்டளைகள், குழந்தைகள் இல்லங்கள், மாலைநேர வகுப்பு மையங்கள் ஆகியவற்றை மனத்தில் வைத்து எழுதியது. சம்பளத்துக்கு ஐடி ஆள் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

ஒரு கம்பெனி 20 பழைய லேப்டாப் தருவதாகச் சொல்கிறது. வண்டி அனுப்பி எடுத்து வந்துவிடலாமா?

வண்டிக்கு முன்னால் பட்டியலைக் கேளுங்கள். ஒவ்வொரு கணினிக்கும் மாடல், பிராசஸர், ராம் அளவு, டிஸ்க் இருக்கிறதா கழற்றிவிட்டார்களா, அடாப்டர் இருக்கிறதா, பேட்டரி நிற்கிறதா, பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை நிரல்) பாஸ்வேர்டு எடுத்தாயிற்றா என்று ஏழு விவரம் வேண்டும். இந்தப் பட்டியலைத் தர மறுக்கும் இடத்திலிருந்து வரும் பொருள் பெரும்பாலும் காயலான் கடைக்குப் போக வேண்டியதுதான். வழியில் உங்கள் அலுவலகத்தில் இறக்கிவிடுகிறார்கள்.

20 வந்தால் 20-ம் ஓடும் என்று கணக்குப் போடாதீர்கள். 14, 15 தேறினாலே நல்ல தொகுதி. மீதியின் ராம், கீபோர்டு, திரை, அடாப்டர் மற்றவற்றுக்கு உதிரிபாகம் ஆகும். அதனால் ஒரே மாடலில் 12 கணினி கிடைப்பது, எட்டு மாடல்களில் 20 கணினி கிடைப்பதைவிட மேல். எட்டு மாடல் என்றால் எட்டு வகை பேட்டரி, நாலைந்து வகை சார்ஜர் முனை. ஒன்று கெட்டால் இன்னொன்றிலிருந்து எடுத்துப் போட வழியில்லை.

அடாப்டர் இல்லாத லேப்டாப்பை இலவசம் என்று எண்ண வேண்டாம். டெல் லேப்டாப்களில் சார்ஜர் முனையின் நடுவிலுள்ள மெல்லிய ஊசி, அடாப்டர் எத்தனை வாட் என்பதைக் கணினிக்குச் சொல்லும். மலிவான போலி அடாப்டரில் அந்தத் தகவல் போகாது. கணினி ஓடும், ஆனால் பேட்டரி ஏறாது, பிராசஸர் வேகமும் தானாகக் குறைந்துவிடும். "லேப்டாப் ஸ்லோ" என்று வரும் புகார்களில் சில இந்த ஊசியில் முடியும்.

எவ்வளவு பழையது வரை வாங்கலாம்?

வருடத்தைவிடப் பிராசஸரைப் பாருங்கள். இன்டெல் ஐ3, ஐ5 வரிசையில் மூன்றாம் தலைமுறை (2012 வாக்கில் வந்தது), அதற்குப் பிந்தியது என்றால் எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) போட்டு, ராமை 8 ஜிபி ஆக்கினால் லினக்ஸில் (விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம்) நன்றாகவே ஓடும். 4 ஜிபி ராமில் தட்டச்சு, கணக்கு, வரைதல் எல்லாம் செய்யலாம். உலாவியில் ஐந்தாறு பக்கங்களைத் திறந்து, கூடவே வீடியோ வகுப்பும் ஓட்டினால் திணறும்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டியவை: 32-பிட் மட்டுமே ஓடும் கணினிகள் (2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்னும் லினக்ஸ் பதிப்பில் 32-பிட் கணினியில் புதிதாக நிறுவும் வசதியே எடுக்கப்பட்டுவிட்டது), குண்டுத்திரை மானிட்டர்கள், 32 ஜிபி சேமிப்பைப் போர்டிலேயே பற்றவைத்திருக்கும் மலிவு லேப்டாப்கள். இந்தக் கடைசி வகை பார்க்கப் புதிதாக இருக்கும், அதனால்தான் ஏமாற்றும். அதில் சேமிப்பைக் கூட்டவும் முடியாது, ராமை மாற்றவும் முடியாது. இரண்டு விண்டோஸ் அப்டேட்டில் இடம் நிரம்பிவிடும்.

கணினி நன்றாக இருக்கிறது, ஆனால் உள்ளே நுழைய முடியவில்லை. என்ன செய்வது?

அலுவலகங்களிலிருந்து வரும் கணினிகளில் அதிகம் தலைவலி தருவது இதுதான். பூட்டு நான்கு வகை. ஒவ்வொன்றுக்கும் சாவி இருக்கும் இடம் வேறு.

பயாஸ் பாஸ்வேர்டு: பழைய டெஸ்க்டாப்பில் போர்டிலுள்ள காசு அளவு பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போய்விடும் என்பது உண்மை. வணிக ரக லேப்டாப்களில் அது நடக்காது. பாஸ்வேர்டு தனிச் சில்லில் எழுதப்பட்டிருக்கும். கொடுத்த நிறுவனத்தின் ஐடி பிரிவிடம்தான் கேட்க வேண்டும்.

விண்டோஸ் ஆட்டோபைலட்: டிஸ்க்கையே மாற்றிப் புதிதாக விண்டோஸ் போட்டாலும், இணையம் கிடைத்ததும் பழைய கம்பெனியின் பெயரோடு லாகின் பக்கம் வந்து நிற்கும். கணினியின் அடையாளம் மைக்ரோசாஃப்ட்டில் அந்தக் கம்பெனியின் கணக்கில் பதிவாகியிருப்பதே காரணம். அவர்கள் அதைத் தங்கள் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். லினக்ஸ் போட்டால் இந்தப் பூட்டு குறுக்கே வராது. ஆனாலும் நீக்கச் சொல்லி எழுதிக் கேட்டுவிடுங்கள். நாளைக்கு யாராவது விண்டோஸ் போட்டால் கணினி திருட்டுப் பொருள் போலத் தெரியும்.

ஆப்பிளின் ஆக்டிவேஷன் லாக்: பழைய உரிமையாளரின் கணக்கிலிருந்து விடுவிக்காத வரை, புதிய மேக்புக் எதுவும் கனமான தட்டுதான். ஐபேடும் அப்படியே. ஆண்ட்ராய்டு போனிலும் பழைய கூகுள் கணக்கை எடுக்காமல் ரீசெட் செய்தால் அதே கணக்கைக் கேட்டு நிற்கும்.

குரோம்புக்: நிறுவனப் பதிவை நீக்கவில்லை என்றால் எத்தனை முறை அழித்தாலும் பழைய நிறுவனத்துக்கே திரும்பும். அதோடு, ஒவ்வொரு மாடலுக்கும் அப்டேட் நிற்கும் தேதி ஒன்று உண்டு. அதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பூட்டை உடைத்துத் தரும் கடைகள் இருக்கின்றன. அங்கே போகாதீர்கள். கொடுத்தவர் ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் முடிகிற வேலை அது. பொருள் உங்கள் கைக்கு வருவதற்கு முன்னால் கேட்டால் உடனே செய்வார்கள், ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அந்த ஐடி ஆளே வேறு வேலைக்குப் போயிருப்பார்.

டிஸ்க்கில் இருக்கும் பழைய தரவை அழிப்பது யார் பொறுப்பு?

கொடுப்பவர் பொறுப்பு. ஆனால் அழிக்காமல் கொடுத்துவிட்டால் சிக்கல் உங்களுக்கும் வரும் என்பதால், வந்தவுடன் நீங்களும் ஒருமுறை அழியுங்கள். விரைவு ஃபார்மேட் செய்வது அழிப்பது ஆகாது; கோப்புப் பட்டியல்தான் போகும், கோப்பு அப்படியே இருக்கும்.

சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால் ஷ்ரெட்ஓஎஸ் என்னும் இலவசக் கருவியைப் பென்டிரைவில் போட்டு, டிஸ்க் முழுவதையும் ஒரு சுற்று மேலெழுதினால் போதும். ஏழு சுற்று, 35 சுற்று என்பதெல்லாம் பழைய காலத்துப் பயம். நொடிக்கு 90 எம்பி வேகத்தில் 500 ஜிபி டிஸ்க்குக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், 1 டிபி-க்கு மூன்று மணி நேரம் ஆகும். மாலையில் போட்டுவிட்டுக் காலையில் பார்க்கலாம்.

எஸ்எஸ்டி-க்கு இந்த முறை சரிவராது. தேய்மானத்தைப் பரப்புவதற்காக எஸ்எஸ்டி ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் எழுதும். வெளியே தெரியாத உபரி இடமும் அதில் உண்டு. மேலெழுதினாலும் பழைய துணுக்குகள் அங்கே தங்கும். டிஸ்க்கே தன்னை அழித்துக்கொள்ளும் கட்டளையைத் தர வேண்டும். பல வணிக ரக லேப்டாப்களின் பயாஸிலேயே அதற்கான வசதி இருக்கிறது. லினக்ஸிலிருந்து அந்தக் கட்டளையைக் கொடுக்கும்போது டிஸ்க் "உறைந்த நிலையில்" இருப்பதாகச் சொல்லி மறுத்தால், கணினியைத் தூங்கவைத்து எழுப்புங்கள். பெரும்பாலும் உறைவு விலகும்.

எந்த எண்ணுள்ள டிஸ்க், எந்தத் தேதியில், எந்த முறையில் அழிக்கப்பட்டது என்று ஒரு தாளில் எழுதி, அதன் நகலைக் கொடுத்தவருக்கு அனுப்புங்கள். அடுத்த முறை அவர்கள் டிஸ்க்கைக் கழற்றாமல் கொடுக்க இந்த ஒரு தாள் காரணமாகும்.

ஒரு லேப்டாப்பைச் சரிசெய்ய எந்த வரிசையில் போக வேண்டும்?

முதலில் பேட்டரி. டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ, மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜ் போடாதீர்கள். கழற்றிய பிறகுதான் மற்ற எல்லாம்.

அடுத்து ராம் சோதனை. மெம்டெஸ்ட் ஒரு முழுச் சுற்று ஓடட்டும். ஒரு பிழை வந்தாலும் அந்த ராமை ஒதுக்குங்கள். காரணமே தெரியாமல் வாரத்துக்கு இரண்டு முறை நின்றுபோகும் கணினிகளில் பலவற்றுக்கு இதுதான் காரணம். பிறகு டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே தரும் ஸ்மார்ட் அறிக்கை. மறுஒதுக்கத்துக்குக் காத்திருக்கும் செக்டர்கள் (Current Pending Sector) என்ற வரியில் பூஜ்யத்துக்கு மேல் எது இருந்தாலும் அந்த ஹார்டு டிஸ்க்கை நம்பி எதையும் வைக்காதீர்கள். உண்மையில் ஹார்டு டிஸ்க் நல்ல நிலையில் இருந்தாலும் எஸ்எஸ்டி-க்கு மாறுவதே புத்திசாலித்தனம். பழைய கணினியின் வேகத்துக்கு ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால் அது 240 அல்லது 256 ஜிபி எஸ்எஸ்டி. மிகப் பழைய லேப்டாப்களில் டிஸ்க் வைக்கும் பள்ளம் 9.5 மிமீ உயரம், எஸ்எஸ்டி 7 மிமீ. மெல்லிய சட்டம் ஒன்றைக் கூடவே கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் இணைப்பு தளர்ந்து டிஸ்க் "காணாமல்" போகும்.

ராம் கூட்டும்போது டிடிஆர்3-இல் இரண்டு வகை உண்டு: 1.5 வோல்ட், 1.35 வோல்ட். நான்காம் தலைமுறை இன்டெல் லேப்டாப்களுக்கு 1.35 வோல்ட் வகைதான் வேண்டும். மற்றதைப் போட்டால் திரை கருப்பாகவே இருக்கும், ஸ்லாட்டில் சரியாகத்தான் பொருந்தியிருக்கும். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், பழைய ராமைக் கையோடு வைத்துக்கொண்டு அதன் ஸ்டிக்கரைப் பார்த்து வாங்குங்கள். விலை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும் சரக்கு இது. நன்கொடை கேட்கும்போது பழைய விலையை வைத்துத் திட்டம் எழுதாதீர்கள்.

பிறகு தூசி. ப்ளோயரால் ஊதும்போது விசிறியை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்; அதிவேகத்தில் சுழலவிட்டால் தாங்கி தேய்ந்து சத்தம் போடத் தொடங்கும். தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாக இருந்தால் துடைத்துவிட்டு ஓர் அரிசி அளவு வையுங்கள். அதிகம் வைத்தால் நல்லது என்று நினைத்துப் பூசினால் பக்கத்தில் வழியும்.

கடைசியில் அந்தக் காசு பேட்டரி, 2032 எண் கொண்டது. அது தீர்ந்துவிட்டால் ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் கணினி பழைய தேதிக்குப் போய்விடும். தேதி தவறினால் உலாவி எந்த இணையதளத்தைத் திறந்தாலும் "இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்று மறுக்கும். வைஃபை போயிற்று, வைரஸ் வந்துவிட்டது என்று அரை நாள் தேடுவார்கள். கடிகாரத்தைப் பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு கணினிக்கும் எண் ஒட்டி, நோட்டில் பதியுங்கள். "மூலையில் இருக்கும் கருப்பு லேப்டாப்" என்று போனில் சொன்னால் எந்தத் தன்னார்வலராலும் உதவ முடியாது.

விண்டோஸா, லினக்ஸா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் நின்றது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைப் பிராசஸரும் வேண்டும். நல்ல நிலையில் உள்ள கணினிகளை நிறுவனங்கள் இப்போது கூட்டமாகக் கழிப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். ஆக, கைக்கு வருவதில் பெரும்பகுதி லினக்ஸுக்கானது.

லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு பழைய கணினிக்கு ஒத்துவரும். விண்டோஸ் பழகியவர்களுக்கு அரை நாளில் கை வந்துவிடும். 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை அப்டேட் வரும். ஆனால் டிரஸ்டின் கணக்கு டேலியில் ஓடுகிறது, ஆடிட்டர் அதே கோப்பைக் கேட்கிறார் என்றால், அந்த ஒரு கணினி விண்டோஸிலேயே இருக்கட்டும். வகுப்பறை முழுக்க லினக்ஸ், அலுவலகத்தில் ஒரு விண்டோஸ் என்பது நல்ல சமரசம். கள்ள விண்டோஸ் வேண்டவே வேண்டாம். ஆக்டிவேட் செய்யும் அந்தக் குட்டி நிரல்தான் பல இடங்களில் வைரஸின் வாசல்.

ஒரே மாடல் பல இருந்தால் ஒன்றை முழுதாகத் தயார்செய்து, குளோன்சில்லா கொண்டு மற்றவற்றுக்கு நகலெடுங்கள். நகலெடுத்தபின் ஒவ்வொன்றின் பெயரையும் மாற்ற மறக்காதீர்கள். வகுப்புக் கணக்குக்கு நிர்வாக உரிமை தர வேண்டாம்.

தமிழ்த் தட்டச்சுக்கு என்ன செய்ய வேண்டும்? பழைய கடிதங்கள் எல்லாம் புரியாத எழுத்தாகத் தெரிகின்றன.

அந்தக் கடிதங்கள் கெட்டுப்போகவில்லை. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தவை அவை. ஆங்கில எழுத்துக்கு மேல் தமிழ் உருவத்தை வரைந்த முறை என்பதால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவியால் யூனிகோடுக்கு மாற்றலாம். மாற்றியபின் ஒற்றெழுத்துகளையும், பெயர்களையும், எண்களையும் ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும். இடையில் ஆங்கிலச் சொல் கலந்திருந்தால் அதுவும் தமிழாக மாறி அபத்தமாக நிற்கும். தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010-இல். இன்னும் பழைய எழுத்துருவிலேயே கடிதம் அடிக்கும் அலுவலகங்கள் உண்டு; புதுக் கணினி வரும் நாள் அந்தப் பழக்கத்தை விட நல்ல நாள்.

தட்டச்சுக்குப் பிள்ளைகளிடம் தமிழ்99 விசைப்பலகை முறையைப் பழக்குங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் உள்ளேயே இருக்கிறது. லினக்ஸில் ஐபஸ், எம்17என் என்னும் தட்டச்சு நிரல்கள் இரண்டையும் நிறுவினால் பட்டியலில் வரும். ஆங்கில ஒலி வழியே அடிப்பது சீக்கிரம் வரும், வேகம் வராது. பெரியவர்கள் ஏற்கெனவே பழகியதை மாற்றச் சொல்லிச் சண்டை போட வேண்டியதில்லை.

பார்வையற்ற மாணவர்கள் இருக்கிறார்கள். தனி மென்பொருள் வாங்க வேண்டுமா?

வேண்டாம். என்விடிஏ என்னும் திரைவாசிப்பான் முற்றிலும் இலவசம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, பார்வையற்றவர்களான மைக்கேல் கரன், ஜேம்ஸ் டெ இருவரும் 2006-இல் தொடங்கியது. இஸ்பீக் என்னும் செயற்கைக் குரலில் தமிழையும் படிக்கும். குரல் இயந்திரத்தனமானதுதான், பழகியவர்கள் மிக வேகமாகக் கேட்பார்கள். இது விண்டோஸில் ஓடுவது, ஆகவே வந்த கணினிகளில் விண்டோஸ் 11 ஏற்கும் கணினிகளை இவர்களுக்கு முதலில் ஒதுக்குங்கள். நல்ல திரை தேவையில்லை. திரை உடைந்து ஒதுக்கிய லேப்டாப்கூட ஆகும். நல்ல கீபோர்டும் ஹெட்போனும் தேவை.

இணையம் சரியாக வராத ஊர். கணினி இருந்து என்ன பயன்?

நிறையவே. நல்ல லேப்டாப் ஒன்றை சர்வராக வைத்து, சாதாரண வைஃபை ரவுட்டர் ஒன்றோடு இணைத்தால், இணையமே இல்லாமல் மற்ற கணினிகள் அதிலிருந்து படிக்கும். இணையமின்றிப் படிக்க உதவும் கிவிக்ஸ் என்னும் இலவச நிரல் வழியாகத் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கி வைக்கலாம், சில ஜிபி-தான். படங்களோடு ஆங்கில விக்கிப்பீடியா வேண்டுமென்றால் 100 ஜிபி-க்கு மேல் இடம் ஒதுக்குங்கள். பாட வீடியோவும் பயிற்சிகளும் வேண்டுமானால் கொலிப்ரி என்னும் இலவசக் கற்றல் நிரல். நகரத்தில் உள்ள தன்னார்வலர் வீட்டில் இறக்கி, டிஸ்க்கில் எடுத்து வந்து மாற்றுவதே நடைமுறையில் எளிது.

கரண்ட் அடிக்கடி போகிறது. எத்தனை கணினி தாங்கும்?

டெஸ்க்டாப்பும் எல்சிடி திரையும் சேர்ந்து சுமார் 80 முதல் 100 வாட் இழுக்கும். லேப்டாப் 30 வாட் வாக்கில். 10 டெஸ்க்டாப் என்றால் 1,000 வாட் வரை போகும், வீட்டுக்குப் போடும் 850 விஏ இன்வெர்ட்டர் அதைத் தாங்காது. 10 லேப்டாப் என்றால் 300 வாட். 150 ஏஎச் பேட்டரி ஒன்றில் மூன்று, நாலு மணி நேரம் வகுப்பு நடக்கும். பழைய லேப்டாப்பின் பேட்டரி நிற்காவிட்டாலும் கவலை இல்லை, இன்வெர்ட்டர் மாறும் கணத்தைத் தாண்டினால் போதும்.

எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். உலோக உடல் கொண்ட லேப்டாப்பைத் தொட்டால் விர்ரென்று இருக்கிறது என்று பிள்ளைகள் சொன்னால் அது விளையாட்டுப் பேச்சல்ல. இடி மழையில் ரவுட்டரின் ப்ளக்கையும், வெளியிலிருந்து வரும் கேபிளையும் சேர்த்தே கழற்றுங்கள். பலர் ப்ளக்கை மட்டும் கழற்றிவிட்டு, கேபிள் வழியாகப் போர்டை இழக்கிறார்கள்.

தன்னார்வலர்களை எங்கே தேடுவது? அவர்களிடம் என்ன வேலை கொடுக்கலாம்?

விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு, சென்னையின் இந்திய லினக்ஸ் பயனர் குழு, கணியம் அறக்கட்டளை போன்ற கட்டற்ற மென்பொருள் வட்டங்களில் கேளுங்கள். பக்கத்துப் பாலிடெக்னிக் மாணவர்களும் நல்ல தேர்வு. ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்த கை பெரிய ஐடி பதவியைவிட இங்கே பயன்படும்.

"எங்களுக்கு ஐடி உதவி வேண்டும்" என்று கேட்டால் எதுவும் நடக்காது. வேலையைத் துண்டாக்கிக் கேளுங்கள்: "வரும் சனிக்கிழமை 10 முதல் 5 வரை, 12 லேப்டாப்பில் லினக்ஸ் நிறுவ நாலு பேர் வேண்டும், பென்டிரைவ் நாலு தயாராக உள்ளது, மதியச் சாப்பாடு உண்டு." தொடக்கமும் முடிவும் உள்ள வேலைக்கு ஆள் வருவார்கள். தொடர்ச்சியான வேலை என்றால் வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள், மூன்று மாதம் என்று எல்லை வையுங்கள். எல்லை இல்லாமல் ஒத்துக்கொண்டவர் சொல்லாமல் மறைவார். போனையும் எடுக்க மாட்டார், சங்கடத்தில்.

புது மென்பொருள் எழுதித் தருகிறேன் என்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: நீங்கள் போன பிறகு இதை யார் பார்ப்பார்கள்? பதில் இல்லையென்றால் அன்போடு மறுத்துவிடுங்கள். நிரல் எழுதுவது இனிப்பான வேலை; பேக்கப் எடுத்து, அதைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பது கசப்பான வேலை. தொண்டு நிறுவனத்துக்குத் தேவை பெரும்பாலும் இரண்டாவதுதான்.

வங்கி ஓடிபி, வருமான வரித் தளத்தின் பாஸ்வேர்டு இரண்டையும் எந்தத் தன்னார்வலருக்கும் தராதீர்கள், எவ்வளவு நல்லவராக இருந்தாலும். பின்னால் பணம் குறைந்தால் அந்த நல்லவர்தான் முதலில் மாட்டுவார்.

இணையதளம் இலவசமாகச் செய்து தருகிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?

டொமைன் (தளத்தின் இணைய முகவரி) யார் பெயரில் இருக்கிறது என்பதை. தளத்தின் அழகு அதற்குப் பிறகு. தன்னார்வலர் தன் சொந்த மின்னஞ்சலிலும் தன் கார்டிலும் பதிந்துவிட்டுப் போனால், ஒரு வருடம் கழித்து நினைவூட்டல் அவருக்குப் போகும், உங்களுக்கு வராது. காலாவதியான பெயரை வேறொருவர் எடுத்து அதில் சூதாட்ட விளம்பரம் போடுவது சாதாரணமாக நடக்கிறது. உங்கள் துண்டறிக்கையில் அதே முகவரிதான் அச்சாகியிருக்கும்.

டிரஸ்டுக்கென்று ஒரு பொது மின்னஞ்சல் உருவாக்கி, அதில் டொமைனைப் பதியுங்கள். ஓடிபி போகும் சிம் டிரஸ்டின் பெயரில் இருக்கட்டும். அதற்கு ரீசார்ஜ் செய்வது ஒருவரின் எழுதப்பட்ட வேலையாக இருக்கட்டும். நிர்வாகக் கணக்கு எப்போதும் இரண்டு பேரிடம். பாஸ்வேர்டுகளை எழுதி உறையிலிட்டுப் பீரோவில் வைப்பதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. சிறு டிரஸ்டுக்கு அது நல்ல முறைதான்.

நன்கொடையாளர் விவரத்துக்குத் தனி மென்பொருள் வேண்டுமா?

சில நூறு பேர் வரை ஒரு விரிதாள் போதும். பெயர், முகவரி, பான், தேதி, தொகை, எந்த வழியில் வந்தது, ரசீது எண் என்று பத்திகள் வையுங்கள். 80ஜி பதிவு (நன்கொடையாளருக்கு வரிச் சலுகை கிடைக்கச் செய்யும் பதிவு) உள்ள அமைப்புகள் நன்கொடை விவரத்தை வருமான வரித் துறைக்கு ஆண்டுதோறும் தாக்கல் செய்ய வேண்டும். இதுவரை 10பிடி படிவத்தில், நிதியாண்டு முடிந்தபின் மே 31-க்குள். புதிய வருமான வரிச் சட்டத்தால் 2026 ஏப்ரல் முதல் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுவதால் ஆடிட்டரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பானை மே மாதம் தேடாமல் ரசீது போடும்போதே வாங்குங்கள்.

கூகுள், மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தருவதாகச் சொல்கிறார்களே?

தருகிறார்கள். கூகுளின் தொண்டு நிறுவனத் திட்டத்தில் சொந்த டொமைனில் மின்னஞ்சலும் சேமிப்பிடமும் கிடைக்கும். பள்ளி, மருத்துவமனை, அரசு அமைப்புகளுக்கு அது கிடையாது. பள்ளிகளுக்குக் கல்விக்கான திட்டம் தனி. மாதம் 10,000 டாலர் வரை தேடல் விளம்பரம் என்பதைக் கேட்டு மயங்க வேண்டாம்: அது பணமல்ல, கிளிக் விகிதம் 5 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் கணக்கு முடக்கப்படும், கவனிக்க ஆள் வேண்டும். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தந்த பிசினஸ் பிரீமியம் உரிமங்களை 2025 ஜூலைக்குப் பிறகு வரும் புதுப்பித்தல்களில் நிறுத்திவிட்டது. இணையம் வழியே பயன்படுத்தும் பேசிக் மட்டும் 300 பேர் வரை இலவசம். சலுகை இப்படித்தான், தந்தவர் கையில் இருக்கும். எல்லாக் கோப்பையும் வருடம் ஒருமுறை வெளி டிஸ்க்கில் எடுத்து வையுங்கள்.

கணினி கொடுத்தவர் 80ஜி ரசீது கேட்கிறார். கம்பெனி சிஎஸ்ஆர் (நிறுவனச் சமூகப் பொறுப்புச் செலவு) கடிதம் கேட்கிறது.

80ஜி சலுகை பணமாகத் தந்த நன்கொடைக்குத்தான், பொருளுக்குக் கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தாலும் கிடையாது. பொருளைப் பெற்றுக்கொண்டதாக, எண்ணிக்கையும் வரிசை எண்ணும் போட்டுக் கடிதம் கொடுங்கள். அதில் மதிப்பு எழுதாதீர்கள்.

கம்பெனிச் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவு செலவழித்த தொகையைத்தான் பேசுகிறது. பொருளாகவோ ஊழியர்களின் நேரமாகவோ தந்ததற்கு ரூபாய் மதிப்புப் போட்டு சிஎஸ்ஆர் கணக்கில் காட்ட முடியாது என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2021-இல் தெளிவாக்கியிருக்கிறது. ஆகவே "பழைய லேப்டாப்புக்கு இவ்வளவு லட்சம்" என்று கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். அந்தக் கணினிகளுக்கு எஸ்எஸ்டி வாங்க நிதி தரச் சொல்லுங்கள். அது பணம், முறையாகக் கணக்கில் வரும்.

கனடாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள உறவினர்கள் லேப்டாப் அனுப்ப ஆசைப்படுகிறார்கள்.

தடுத்துவிடுங்கள். பயன்படுத்திய கணினிகளை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்ய முன் அனுமதி வேண்டும்; பெட்டி துறைமுகத்தில் நிற்கும், வாடகை ஏறும். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் அமைப்புக்குத் தரும் பொருளும் எஃப்சிஆர்ஏ என்னும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடைதான். அந்தப் பதிவு இல்லாமல் பணமாகவும் வாங்க முடியாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உறவினர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவது வேறு, அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவர்களின் நேரத்தைக் கேளுங்கள். வாரம் ஒரு மணி நேரம் வீடியோ வழியே ஆங்கிலமோ நிரலாக்கமோ சொல்லித்தருவதற்குச் சுங்க வரி கிடையாது.

பிள்ளைகளின் படத்தைத் தளத்தில் போடலாமா?

இல்லத்துப் பிள்ளைகள் என்றால் கூடாது. இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 74-ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், படம், பள்ளி என அடையாளம் தெரியும் எதையும் வெளியிடத் தடைசெய்கிறது. ஆறு மாதம் வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம். கணினி கொடுத்த கம்பெனி எடுத்துக்கொள்ளும் விழாப் படத்துக்கும் இது பொருந்தும். முதுகுப் பக்கமோ கீபோர்டில் உள்ள கைகளோ போதும் என்று விழாவுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

தேறாத கணினிகளை என்ன செய்வது?

உதிரிபாகம் எடுத்தபின் மிஞ்சுவதைத் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவுபெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுத்து, எடையும் தேதியும் போட்ட சீட்டு வாங்குங்கள். பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டால் நாலு காசு கூடக் கிடைக்கலாம். ஆனால் செம்புக்காகக் கேபிளை எரிப்பதும், போர்டை அமிலத்தில் முக்குவதும் அந்த வழியில்தான் நடக்கின்றன. கணினி தரும் நிறுவனத்திடம், ஓடாததைத் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று வாங்கும்போதே ஒரு வரி எழுதி வாங்கப் பாருங்கள். 1,000 கருவிகளோ அதற்கு மேலோ பயன்படுத்தும் நிறுவனங்கள் 2022 மின்கழிவு விதிகளில் மொத்தப் பயனாளர்கள். பதிவுபெற்றவரிடம் சேர்க்கும் ஏற்பாடு அவர்களிடம் எப்படியும் இருக்கும்.

உப்பிய பேட்டரிகளை மற்றவற்றோடு சாக்கில் போடாதீர்கள், ஆணி கொண்டு குத்திப் பார்க்காதீர்கள். முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மணல் போட்ட தகர டப்பாவில் ஒவ்வொன்றாக வைத்து, வெயில் படாத வெளித் திண்ணையில் வையுங்கள். மறுசுழற்சியாளர் வண்டி வரும்போது இது தனி என்று சொல்லிக் கொடுங்கள்.